சிவப்பு எழுத்துச் சாம்ப்ளர்: பின்பக்கம், நூல் கணக்கு, டீத்தண்ணி – விவாதம்

கோணல்தையல்
இங்கிலாந்தின் பிரிஸ்டல் அநாதை இல்லப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டில் போட்ட சிவப்புச் சாம்ப்ளர்கள், அதாவது தையல் பழகப் போடும் மாதிரித் துணிகள், தெரியும்தானே? வெள்ளைத் துணி, ஒரே சிவப்பு நூல், விதவிதமான ஆங்கில எழுத்து வரிசைகள், எண்கள், சின்னச் சின்னக் கரைகள், மூலை வேலைப்பாடு. இடைவெளி விடாமல் நெருக்கியடித்துப் போட்டிருப்பார்கள். அந்தப் பாணியில் 12 அங்குலச் சதுரத்துக்கு ஒன்று தயாராகிறது. 36 கவுண்ட் (அங்குலத்துக்கு 36 இழை) லினன், டிஎம்சி கம்பெனியின் 498ஆம் எண் சிவப்பு நூல். சில சந்தேகங்கள்:

நூலில் எத்தனை இழை எடுக்கணும்? மொத்தம் எத்தனை கண்டு வாங்கணும்?
பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே சுத்தமா இருக்கணும்னு சொல்றாங்களே, அது எந்த அளவுக்கு?
பழசு மாதிரி தெரிய டீ டிகாக்‌ஷனில் முக்கி எடுக்கலாமா?
பழைய துண்டு ஒன்றின் படத்தைப் பெரிதாக்கி, குறுக்குத் தையல்களை எண்ணிக் கட்டத்தாளில் ஏற்றினால் அகலம் சரியா வருது, உயரம் வரமாட்டேங்குது. எண்ணினது சரிதான், திரும்பவும் பார்த்தாச்சு. ஏன்?

பாவும்ஊடையும்
கடைசிக் கேள்வியிலிருந்து வர்றேன். உங்கள் எண்ணிக்கை சரி, கட்டத்தாள்தான் தப்பு. இன்றைக்கு விற்கிற 36 கவுண்ட் லினனில் ஓர் அங்குலத்தில் பாவிலும் (நெடுக்கு இழை) 36, ஊடையிலும் (குறுக்கு இழை) 36 இழை இருக்கும். பழைய லினனில் அந்த ஒற்றுமை கிடையாது. பாவு 44, ஊடை 50 என்று இருப்பது சர்வசாதாரணம். இரண்டு இழைக்கு ஒரு குறுக்குத் தையல் என்று 60 தையல் அகலம், 60 தையல் உயரத்தில் ஒரு பெட்டி போட்டால், 44 இழை இருக்கிற பக்கம் 2.73 அங்குலம், 50 இழை இருக்கிற பக்கம் 2.4 அங்குலம். எண்ணிக்கையில் சதுரம், கண்ணுக்கு நீள்சதுரம்.

ஆகவே நகல் எடுக்கும்போது இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். தையல் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டால் எழுத்துகள் சரியாக வரும், மொத்த அளவு மாறும். அளவை வைத்துக்கொண்டால் கரையிலும் இடைவெளியிலும் சில வரிசைகளைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். எழுத்துக்குள் கை வைக்காதீர்கள். 7 தையல் உயர எழுத்தில் ஒரு வரிசையை எடுத்தாலும் ஆங்கில ‘ஈ’யின் நடுக்கோடு மேலேயோ கீழேயோ ஏறி அசிங்கமாகிவிடும்.

இழை எண்ணும்போது ஓர் இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. கைநெசவில் ஊடையை அடித்த வேகம் மாறும், ஒரே துண்டில் மேலே 48, கீழே 52 என்று வரும். மூன்று இடமாவது எண்ணுங்கள்.

ஊசிக்காது
இழை விஷயம்: 36 கவுண்டில் துணியின் இரண்டு இழைக்கு ஒரு தையல் என்று போட்டால் அங்குலத்துக்கு 18 தையல். இதற்கு நூலில் ஓர் இழை போதும். இரண்டு இழை போட்டால் ‘பி’, ‘ஆர்’ வயிற்றில் இருக்கிற ஒற்றைத் தையல் ஓட்டை அடைபட்டுவிடும். எழுத்து வாசிக்கக் கிடைப்பதே அந்த ஓட்டைகளால்தான்.

ஊசி 26ஆம் எண், முனை மழுங்கியது. நூல் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

நீளக் கணக்கு: 26 எழுத்தும் 7 உயரத்தில், சராசரி 4 தையல் அகலம், நடுவில் 1 இடைவெளி என்று வைத்தால் சுமார் 130 தையல். 18ஆல் வகுத்தால் 7.2 அங்குலம். ‘எம்’, ‘டபிள்யூ’ கூட இடம் கேட்கும், ‘ஐ’ விட்டுக்கொடுக்கும், கணக்கு நேராகிவிடும். 12 அங்குல வரிசையில் மீதி இடத்தில் அடுத்த வரிசையின் முதல் எழுத்துகளைத் தொடர்ந்துகொண்டே போகலாம். பழையவற்றில் வரி மடங்குவது ‘கியூ’விலோ ‘ஆரி’லோ இருக்கும், யாரும் அதைக் குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை. இப்போது விற்கும் வரைபடங்களில் ஒவ்வொரு எழுத்து வரிசையையும் நடுவில் கச்சிதமாக நிறுத்துகிறார்கள். பார்த்தவுடன் ‘இது இந்தக் காலத்துச் சரக்கு’ என்று சொல்லிவிடுகிறது.

வெள்ளாவி
//பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே//

இது அழகுக்காக வந்த விதி இல்லீங்க. இந்த எழுத்துகளெல்லாம் எதற்கு? படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, சட்டை எல்லாவற்றிலும் உரிமையாளர் பெயரின் முதல் எழுத்து, அந்த உருப்படியின் எண், சில வீட்டில் வருஷம், இவ்வளவையும் மூலையில் தைத்துவிடுவார்கள். நம்மூர் வண்ணார் சேங்கொட்டை மையால் துணி ஓரத்தில் போட்ட குறி செய்த அதே வேலை. எண் எதற்கு என்றால், 12 விரிப்பு இருக்கிற வீட்டில் 1 முதல் 12 வரை சுழற்சியில் எடுத்தால் எல்லாம் ஒரே சீராகத் தேயும். காணாமல் போனது எது என்றும் தெரியும்.

துண்டுக்கும் விரிப்புக்கும் இரண்டு பக்கமும் கண்ணில் படும், அதனால் பின்பக்கமும் சுத்தம். பிரிஸ்டலின் ஆஷ்லி டவுன் பகுதியில் இருந்த அந்த அநாதை இல்லத்துப் பெண்களைப் பெரும்பாலும் வீட்டு வேலைக்குத்தான் தயார் செய்தார்கள். நெருக்கமாக எழுத்து நிறைந்த ஒரு சாம்ப்ளர், வேலை தரப்போகிற வீட்டம்மாவிடம் காட்டுகிற சான்றிதழ் மாதிரி. பூவும் வீடும் நாயும் போட்ட பணக்கார வீட்டுச் சாம்ப்ளர் வேறு ரகம், வரவேற்பறைச் சுவருக்குப் போவது.

கோணல்தையல்
அப்படியானால் சாதாரண குறுக்குத் தையலையே பின்னால் நூல் தாவாமல் போட்டால் போதுமா, இல்லை தனித் தையல் இருக்கா?

ஊசிக்காது
தனித் தையல் இருக்கிறது. குறித்தையல் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் பெருக்கல் குறி, பின்னால் நான்கு பக்கமும் அடைத்த சிறு சதுரம். சிலர் இரண்டு பக்கமும் பெருக்கல் குறி விழுகிற மாதிரியும் போடுவார்கள், அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

ஒரு கட்டத்தின் மூலைகளுக்கு எண் கொடுங்கள்: இடக்கீழ் 1, வலக்கீழ் 2, வலமேல் 3, இடமேல் 4.

நூலின் வாலைப் பின்பக்கம் 2இலிருந்து 1 வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1இல் மேலே வாருங்கள்.
3இல் இறங்குங்கள். 2இல் ஏறுங்கள்.
4இல் இறங்குங்கள். 1இல் ஏறுங்கள்.
மறுபடி 3இல் இறங்குங்கள். 4இல் ஏறுங்கள்.
2இல் இறங்குங்கள்.

பின்னால் திருப்பிப் பாருங்கள்: 3–2 வலப்பக்கம், 4–1 இடப்பக்கம், 3–4 மேல்பக்கம், வால் கிடக்கிற 2–1 கீழ்ப்பக்கம். சதுரம் முழுசு. கடைசியாக 2இல் இறங்கும்போது வாலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், முடிச்சு தேவையில்லை. முன்னால் ஒவ்வொரு சாய்கோடும் இரட்டையாகக் கிடக்கும். கடைசியில் விழுந்த 4–2 தான் மேலே தெரியும். எல்லாத் தையலிலும் அதே சாய்வு மேலே இருக்கணும் என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் எந்த மூலையில் முடிக்கிறோம் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

பக்கத்துக் கட்டத்துக்குப் போகும்போது நடுப்பக்கம் ஏற்கெனவே விழுந்திருக்கும். அங்கே ஒரு சுற்று மிச்சம், மூன்று சாய்கோட்டிலேயே சதுரம் அடைத்துவிடலாம். சிக்கல் வருவது மூலைக்கு மூலை மட்டும் தொடுகிற இடங்களில், அதாவது ‘எக்ஸ்’, ‘வி’, ‘கே’யின் கால்கள். அங்கே முந்தின கட்டத்தைத் தொடும் மூலையில் முடித்து, அதே ஓட்டையிலிருந்து அடுத்ததைத் தொடங்க வழி பார்க்க வேண்டும். எழுத்து இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு காலில் ஒற்றைக் கோடாகப் போய், திரும்பி வரும்போது நிரப்புங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் பாதையைத் தாளில் அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டால் பிழைத்தீர்கள்.

பாவும்ஊடையும்
இதற்கு நூல் கணக்கு போட்டுப் பார்த்தால் சுவாரசியம். கட்டத்தின் பக்கம் 1 என்றால் சாய்கோடு 1.41. சாதாரணத் தையலுக்கு முன்னால் இரண்டு சாய்கோடு, பின்னால் இரண்டு பக்கம், மொத்தம் 4.83. குறித்தையலுக்கு நான்கு சாய்கோடு, நான்கு பக்கம், மொத்தம் 9.66. சரியாக இரண்டு மடங்கு.

36 கவுண்டில் இரண்டு இழை என்றால் பக்கம் 1.41 மி.மீ. ஆக, சாதாரணத் தையலுக்கு 6.8 மி.மீ., குறித்தையலுக்கு 13.6 மி.மீ. உங்கள் 12 அங்குலச் சதுரத்தில் 216 × 216, அதாவது 46,656 கட்டம். கால்பங்கு நிரம்பினால் சுமார் 11,600 தையல். சாதாரணமாகப் போட்டால் ஒற்றை இழையில் 79 மீட்டர், குறித்தையலில் 158 மீட்டர். டிஎம்சி கண்டு 8 மீட்டர், 6 இழை, பிரித்தால் 48 மீட்டர். வால், வெட்டு, பிரித்துத் தைத்தல் எல்லாம் சேர்த்து 30 சதவீதம் கூட்டுங்கள்: சாதாரணத்துக்கு 3 கண்டு, குறித்தையலுக்கு 5. இணைத் தையலில் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் அதை நம்பி 4 வாங்காதீர்கள். எல்லாம் ஒரே தடவையில் சாயமேற்றிய லாட்டாக இருக்கட்டும், சிவப்பில் லாட் மாறினால் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும்.

ஊசிக்காது
ஒன்று சேர்க்கிறேன். டிஎம்சி ஆறு இழை நூலின் ஒற்றை இழை தளர்ந்த முறுக்கு. குறித்தையலில் ஒரே ஓட்டைக்குள் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் ஊசி முன்பு போன இழையைப் பிளந்துவிடும். பிளந்தால் பின்பக்கச் சதுரத்தில் பிசிறு தெரியும், பிரிக்கவும் முடியாது. அந்தக் காலத்தில் குறியிடுவதற்கென்றே இறுக்க முறுக்கிய சிவப்புப் பருத்தி நூல் விற்றார்கள். இப்போதைக்கு அதற்கு நெருக்கமானது டிஎம்சியின் கோட்டான் அ ப்ரோடே 25ஆம் எண். பிரிக்காமல் அப்படியே போடலாம். ஏறும்போது ஊசியை ஓட்டையின் ஓரமாக, துணி இழையை ஒட்டி விடுங்கள்.

என் அபிப்ராயம்: முழுத் துண்டையும் குறித்தையலில் போட வேண்டிய அவசியமில்லை. நடுவில் ஓர் எழுத்து வரிசையும் எண்களும் போதும். கரைகளைச் சாதாரணமாகப் போட்டுவிட்டுப் போங்கள்.

மஞ்சிட்டிவேர்
டீ டிகாக்‌ஷன். வேண்டாம்.

காரணம் கேட்பார்கள், சொல்கிறேன். டீயில் டானின் இருக்கிறது, அது துணியில் தங்கி அமிலமாக வேலை செய்யும், வருஷம் போகப் போகத் திட்டுத்திட்டாக இருண்டு இழை நொறுங்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் இன்னும் மோசம். பழைய பட்டுச் சாம்ப்ளர்களில் கருப்பு, அடர்பழுப்பு நூல் மட்டும் உதிர்ந்து, ஊசி ஓட்டை வரிசை மட்டும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டானினும் இரும்பும் சேர்த்து ஏற்றிய சாயம் பட்டைத் தின்றுவிட்டது. நீங்களே காசு கொடுத்து அந்த வியாதியை வாங்குவானேன்? பழைய நிறம்தான் வேண்டுமென்றால் ஆலையிலேயே மங்கல் நிறம் ஏற்றிய லினன் கிடைக்கிறது.

அதைவிட முக்கியம், பிரிஸ்டல் சாம்ப்ளர் பழுப்பாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பெருமையே வெள்ளையில் பளிச்சென்று நிற்கும் சிவப்புதான்.

கோணல்தையல்
சரி, டீ இல்லை :) ஆனா ஏன் சிவப்பு மட்டும்? சில துண்டுகளில் நீலமும் இருக்கே.

மஞ்சிட்டிவேர்
இரண்டும் வெள்ளாவிக்கும் காரத்துக்கும் தாங்கும் சாயம். விரிப்பைச் சாம்பல் காரத்தில் கொதிக்க வைத்துத் துவைத்த காலம். மற்ற நிறங்கள் கழன்று ஓடும், அல்லது பக்கத்துத் துணியில் ஏறும். துருக்கிச் சிவப்பும் அவுரி நீலமும் நின்றன.

துருக்கிச் சிவப்பு என்பது எண்ணெய், படிகாரம், ஐரோப்பிய மஞ்சிட்டி வேர் மூன்றையும் பல கட்டமாக ஏற்றுவது. வேரில் இருக்கிற அலிசரின், படிகாரத்தின் அலுமினியத்தோடும் சுண்ணாம்பின் கால்சியத்தோடும் பிணைந்து தண்ணீரில் கரையாத சிவப்பாகிறது. சோழமண்டலக் கரைத் துணிகளுக்குப் பேர் வாங்கித் தந்த சாயவேரிலும் அதே அலிசரின்தான், செடி மட்டும் வேறு. 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற வேதியியலாளர்கள் அலிசரினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள், அதன் பிறகு வேரின் விலை விழுந்தது.

டிஎம்சி சிவப்பு பொதுவாக நிற்கும். ஆனாலும் வேலை முடிந்து துவைக்கும் முன் ஓர் ஓரத்தில் ஈரப் பஞ்சை வைத்து அழுத்திப் பாருங்கள். கசிந்தால் குளிர்ந்த தண்ணீரில் நிறைய அலசி, ஈரத்தோடு மடிக்காமல் பரப்பிக் காய வையுங்கள். ஈரமான துணியைச் சுருட்டி வைப்பதுதான் வெள்ளையில் ரோஜா நிறம் ஏற முதல் காரணம். சூடான இஸ்திரி இரண்டாவது.

தறிக்குழி
கொஞ்சம் விலகிப் போகிறேன். பழைய சாம்ப்ளர் ஒன்றை வாங்கும்போது அது நிஜமாகவே அந்த வருஷத்ததுதானா என்று எப்படிப் பார்ப்பது? ‘பிரிஸ்டல்’ என்று போட்டு நல்ல விலை சொல்கிறார்கள்.

வெள்ளாவி
பிரிஸ்டல் துண்டுக்கு நல்ல சோதனை, அதில் தைத்திருக்கும் இல்லக் கட்டட எண். அந்த இல்லத்தை ஜார்ஜ் முல்லர் 1836இல் பிரிஸ்டலின் வில்சன் தெருவில் வாடகை வீட்டில் தொடங்கினார். ஆஷ்லி டவுனில் முதல் கட்டடம் 1849இல், இரண்டாவது 1857, மூன்றாவது 1862, நான்காவது 1868, ஐந்தாவது 1870. துண்டில் ஆஷ்லி டவுன் என்று தைத்து 1845 என்று போட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். மூன்றாம் எண் கட்டடமும் 1859ஆம் வருஷமும் சேர்ந்து வந்தாலும் அதேதான்.

பொதுவாக:

பின்பக்க நிறத்தை முன்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். நிஜமாக வெளிச்சத்தில் தொங்கியது என்றால் பின்னால் அடர்த்தி அதிகம் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு மங்கியிருந்தால் ஊறப்போட்ட சந்தேகம். துருக்கிச் சிவப்பு அவ்வளவாக மங்காது, அதனால் இந்தச் சோதனை பல வண்ணத் துண்டுக்குத்தான் பலன் தரும். அங்கே இலைகள் நீலமாக இருந்தால் நல்ல அறிகுறி: மஞ்சள் சாயமும் அவுரியும் சேர்த்த பச்சையில் மஞ்சள் முதலில் பறந்துவிடும்.

1790 என்று தைத்த துண்டில் கண்ணைக் குத்தும் ஊதா இருந்தால் யோசியுங்கள். பெர்கின் என்ற வேதியியலாளர் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்தது 1856இல்.

எழுத்து வரிசையில் ‘ஜே’யும் ‘யு’வும் இல்லாதது பழமைக்கு ஓர் அடையாளம், தனியாக அதுவே சாட்சி இல்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் 1598இல் போட்டது இருக்கிறது, வருஷம் தைத்த பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் மிகப் பழையது. அதில் அந்த எழுத்துகள் கிடையாது. ஆனால் பழைய மாதிரியைப் பார்த்துப் போட்டவர்கள் வெகுகாலம் வரை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

வருஷத்தின் கடைசி இரண்டு எண் பிரித்து எடுக்கப்பட்டிருந்தால் மோசடி என்று குதிக்க வேண்டாம். வயதைக் காட்டிக்கொடுக்கிறதே என்று போட்டவரே பிற்காலத்தில் பிரித்த வழக்கம் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓட்டைகளை எண்ணி எண்ணை மீட்டுவிடலாம். ஆனால் பிரித்த இடத்தில் புது நூலில் வேறு வருஷம் ஏறியிருந்தால் அது வியாபாரி கைங்கரியம்.

தறிக்குழி
அருமை. எழுத்து வரிசையே இல்லாமல் முழுக்கச் சிவப்பு வாசகமாக ஒன்று இருக்கிறதே, அதுவும் இந்த வகையா?

வெள்ளாவி
எலிசபெத் பார்க்கர் போட்டதைச் சொல்கிறீர்கள். சசெக்ஸில் ஆஷ்பர்ன்ஹாம், 1830 வாக்கில், லினனில் சிவப்புப் பட்டு. அதுவும் விக்டோரியா ஆல்பர்ட்டில்தான். எனக்கு எழுதத் தெரியாது என்று தொடங்கி, வேலைக்குப் போன வீட்டில் பட்ட கொடுமையையும் உயிரை விடத் துணிந்ததையும் தைத்துக்கொண்டே போய், பாதி வாக்கியத்தில் நிற்கும். பேனா பிடிக்காத கைக்கு எழுத்து வந்தது இந்தக் குறித்தையல் பயிற்சியால்தான். பிரிஸ்டல் வகை இல்லை, ஆனால் எழுத்து வடிவம் அதே சலவைக்குறி எழுத்து.

பாவும்ஊடையும்
துணிக்குக் குறி போடுவது பின்னால் மைக்கும், பெயர் நெய்த நாடாவுக்கும் போய்விட்டது. வெள்ளி நைட்ரேட் மை சரியாகக் கலக்காவிட்டால் குறி போட்ட இடமே பொத்தலாகிவிடும். நூல் அந்த வம்பு செய்யாது.

கோணல்தையல்
கடைசியா ரெண்டு. தமிழ் எழுத்தை இதே முறையில் போட முடியுமா? முடிந்ததைச் சென்னைக் காற்றில் எப்படிச் சட்டம் போடுவது?

ஊசிக்காது
முடியும், 7 உயரத்தில் முடியாது. ட, ப, ம, ய எல்லாம் 7இல் அடங்கும், பெரும்பாலும் நேர்கோடுகள். இ, ஞ, ண வந்தவுடன் மாட்டிக்கொள்வீர்கள். சுழியின் உள்ளே ஒரு காலிக் கட்டமாவது வேண்டும், சுற்றிலும் ஒரு தையல், அப்படியென்றால் ஒரு சுழிக்கே 3 × 3 போய்விடும். ண எழுத அகலம் 11 ஆவது கொடுங்கள், உயரம் 9. ‘கி’ போன்றவற்றின் மேல்விலங்குக்கு மேலே இரண்டு, ‘பு’ போன்றவற்றின் கீழ்விலங்குக்குக் கீழே மூன்று வரிசை காலி விட வேண்டும். மெய்யெழுத்துப் புள்ளியை முழுத் தையலாகப் போட்டால் எழுத்தை விழுங்கும், ஒற்றை இழைமேல் சின்னத் தையலாகப் போடுங்கள். சுழிகள் படிக்கட்டாகத் தெரிவது பிடிக்கவில்லை என்றால் குறுக்குத் தையலை விட்டு, போய்த் திரும்பும் இரட்டை ஓட்டுத் தையலில் போடுங்கள். அதுவும் இருபுறமும் ஒன்றுபோல இருக்கும், நூலும் பாதி.

மஞ்சிட்டிவேர்
சட்டம்: கண்ணாடி துணியைத் தொடக்கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் உள்ளே வேர்த்து, தொட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்கும். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் 5 மி.மீ. இடைவெளிப் பட்டை வையுங்கள். பின்னால் அமிலமில்லாத அட்டை. பசையோ இரட்டைப் பக்க டேப்போ வேண்டாம். அட்டையைப் பருத்தித் துணியால் மூடி, அதன்மேல் சாம்ப்ளரைத் தைத்து நிறுத்தச் சொல்லுங்கள். ‘ஒட்டிக் குடுத்தா நல்லா விறைப்பா இருக்கும்’ என்று சட்டம் போடுகிறவர் சொல்வார், கேட்காதீர்கள். கடையில் பின்னால் பிளைவுட் அடித்தால் சில வருஷத்தில் பலகை வரி அப்படியே துணியில் பழுப்பாக இறங்கும். வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில், ஜன்னல் வெயில் நேராக விழாத இடமாகப் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி, பின்பக்க ஓரங்களில் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தறிக்குழி
பழைய துண்டுக்கும் இதேதானே? தூசியை?

மஞ்சிட்டிவேர்
இதேதான், ஒரு திருத்தம்: பட்டு, கம்பளித் துண்டுக்குக் காரம் சேர்த்த அட்டை ஆகாது, நடுநிலை அட்டை கேளுங்கள். தூசிக்கு, நைலான் வலையைத் துணிமேல் விரித்து, வாக்யூமை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து மேலாக நகர்த்தலாம். நூல் உதிர்கிற துண்டு என்றால் அதுவும் வேண்டாம். தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பட்டுச் சிவப்பும் கருப்பும் எப்போது கழலும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

கோணல்தையல்
கோட்டான் அ ப்ரோடே 25, சிவப்பு 498, நடு வரிசை மட்டும் குறித்தையல் என்று முடிவு. ‘கே’ எழுத்தின் பாதையை வரைந்தால் கீழ்க்காலிலிருந்து மேலே வர வழி கிடைக்கவில்லை, அது மட்டும் பாக்கி.

ஊசிக்காது
தண்டைக் கீழிருந்து நடுக்கட்டம் வரை நிரப்புங்கள். அங்கே நிறுத்தி, கீழ்க்காலில் ஒரே ஒரு சாய்கோடு மட்டும் கட்டத்துக்குக் கட்டம் போட்டு இறங்குங்கள். அடிக்கட்டத்தை முழுசாக முடித்து, ஏறி வரும்போது மற்றவற்றை நிரப்புங்கள். மேல்காலையும் அப்படியே. கடைசியாகத் தண்டின் மேல்பாதி. இறங்கும்போது போடும் சாய்கோடு 4–2 திசையில் இருந்தால், ஏறும்போது அதன்மேல் இன்னொன்று விழ வேண்டிவரும். அதனால் இறங்கும்போதே 1–3 திசையைப் போட்டுவிடுங்கள்.